காட்டை விற்க வேண்டாம் அண்ணா, பாப்பாவின் நோட்டைப் பாருங்கள்

போன வாரம் சேலம் மாவட்டத்து ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பெரியப்பா, கடைசி நாற்காலியில் பாப்பா. நீட் இரண்டாம் முறை எழுதி 720-க்கு 338. பெரியப்பா கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் கொடுத்த கட்டண விவரம். இன்னொன்று, ஒன்றரை ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விளையும் காட்டின் பட்டா நகல். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வித்துடலாமுங்களா மேடம்?"

வழக்கம்போலக் கொஞ்ச நேரம் ஆறுதலாகப் பேசினேன். பாப்பா அழ ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தால் அடுத்த மாதம் அவர்கள் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் நிற்பார்கள் என்று தெரிந்தது. அன்று சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். அந்த அப்பாவும் படிப்பார். அவர் மாதிரி இன்னும் பலர் இந்த ஜூன் மாதத்தில் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணா, விற்க வேண்டாம்.

வெளிநாட்டுப் படிப்பில் ஏஜென்ட் காகிதம் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. 2021-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், அதுவும் ஆங்கில வழியில். அதற்கு மேல் அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. ஊர் திரும்பித் தகுதித் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். பிறகு இங்கே இன்னும் 12 மாதம் பயிற்சி. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த தொகையில் கடைசி இரண்டு கட்டமும் இல்லை. தகுதித் தேர்வை மூன்று முறை எழுதியும் தேறாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனின் அம்மா என்னிடம் வந்து அழுதிருக்கிறார். அவர்கள் வீட்டில் விற்கப்பட்டது தறிக்கூடம். நன்றாகப் படித்து வந்து டாக்டராக இருப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் படிப்பின் மேல் தீராத ஆசை இருந்தது. பாப்பாவிடம் "டாக்டராகணுமா கண்ணு?" என்று கேட்டேன். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சொந்தத்துல ஒரு டாக்டராவது வேண்டாமுங்களா?" என்றார் பெரியப்பா. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, தம்பி மகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற பாசம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் காடு தம்பி பேரில் இருக்கிறது. மீதிப் பணத்துக்கு வாங்கப்போகும் கடனும் தம்பி பேரில்தான் ஏறும். ஆறு வருடம் வட்டி கட்டப்போகிறவர் சொல்வதுதான் இதில் முடிவு. அவருக்கு முன்னால், படிக்கப்போகிறவள் சொல்வது.

மூன்றாம் முறை நீட் எழுதலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டார். இரண்டு வருடக் கோச்சிங்கில் மார்க் 29 ஏறியிருக்கிறது. இன்னொரு வருடக் கட்டணத்தை அதில் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பற்றி ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை.

பேச்சுவாக்கில் அம்மா ஒரு குறை சொன்னார்: "படிக்காம மாட்டுத்தொட்டிகிட்டயே உக்காந்திருக்கிறா மேடம்." தொட்டியில் என்ன பண்ணுவாய் என்று கேட்டதும் பாப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நீட் பயாலஜி நோட்டு, பின்பக்கத்திலிருந்து வேறு எழுத்து. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் செவ்வாய்க்கிழமைக்குள் உள்சுவர் மறுபடி வழுவழுவென்று ஆகிவிடுகிறதே, ஏன் என்று ஆரம்பித்திருக்கிறாள். பி.வி.சி. குழாய்த் துண்டு, கண்ணாடித் துண்டு, எவர்சில்வர் தகடு, தகரம், நாலையும் நைலான் நூலில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டு, தினம் விரலால் தடவிப் பார்த்துத் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். "3-ஆம் நாள்: பி.வி.சி. வழுக்குது, கண்ணாடி இல்லை." "9-ஆம் நாள்: எவர்சில்வர், உப்புத்தாளில் தேய்ச்ச பக்கம் அதிகம். பளபள பக்கம் கம்மி."

நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். நூலில் கட்டித் தொங்கவிட்ட அந்தத் துண்டுக்கு ஆய்வுக்கூடத்தில் 'கூப்பன்' என்று பெயர். வழுவழுப்புக்குப் பெயர் பயோஃபிலிம், தமிழில் நுண்ணுயிர்ப் படலம். சொரசொரப்பான பரப்பில் நுண்ணுயிர்கள் எளிதில் ஒட்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் மாட்டுத்தொட்டியில் கண்டுபிடித்த பெண்ணை, மதிப்பெண் பட்டியலை வைத்து மூன்று பேர் மத்தியில் தலைகுனிய வைத்திருந்தோம்.

இந்தப் படலம் என்ன என்று பெரியப்பாவுக்கும் புரியும்படி சொல்கிறேன். தண்ணீரில் தனித்தனியாக நீந்தும் பாக்டீரியா ஒரு பரப்பைக் கண்டால் ஒட்டும். ஒட்டியதும் தன்னைச் சுற்றிக் கோந்து மாதிரி ஒன்றைச் சுரக்கும். சர்க்கரைச் சங்கிலி, புரதம், டி.என்.ஏ. எல்லாம் கலந்த பசை. அதற்குள் பல இனங்கள் குடியேறும். பசைக்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்து எளிதில் தொடாது; தனியாக நீந்துவதைக் கொல்லும் அளவைவிட ஆயிரம் மடங்கு மருந்தைக்கூடத் தாங்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. 1680-களில் நெதர்லாந்துக்காரரான லேவன்ஹூக் தன் பல்லில் படிந்த ஊத்தையைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, வாய் கொப்பளித்த வினிகர் மேலே இருந்தவற்றை மட்டும்தான் கொன்றது, உள்ளே போகவில்லை என்று எழுதிவைத்தார். அதன் பிறகு சுமார் முந்நூறு ஆண்டு பெரும்பாலும் திரவத்தில் நீந்தும் பாக்டீரியாவையே ஆராய்ந்தார்கள். 1978-க்குப் பிறகுதான் காஸ்டர்டன் போன்ற நுண்ணுயிரியலாளர்களின் வேலையால் ஒட்டி வாழும் வாழ்க்கை தனித் துறையாக வளர்ந்தது. 1990-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பொறியியல் மையம் தொடங்கினார்கள். நுண்ணுயிர்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் வழிகளுக்காக ரிட்மன், வான் லூஸ்ட்ரெக்ட் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு 2018-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு கிடைத்தது. "இதெல்லாம் ஒரு படிப்புங்களா?" என்று கேட்ட பெரியப்பாவுக்கு இந்த விவரமே பதில்.

"அதெல்லாம் அமெரிக்காவுல, இங்க என்ன இருக்குதுங்க?" என்றார் அப்பா.

அண்ணா, உங்கள் காட்டுக் கிழங்கு எங்கே போகிறது? ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு. கிழங்கைக் கழுவ, அரைக்க, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவைக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர். வெளியேறும் நீர் புளித்து நாறும். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலை மூடியிருக்கிறோம். அதில் மாவுச்சத்தும் அமிலமும் கிழங்கின் சயனைடும் இருக்கும். அப்படியே ஓடையில் விட்டால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் அது குடித்துவிடும். ஆற்றில் விடலாம் என்றால் பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

நம் வட்டாரத்தில் பல ஆலைகள் இதே நீரை மூடிய தொட்டியில் விட்டு எரிவாயு எடுக்கின்றன. தொட்டிக்குள் நடப்பதைக் கேளுங்கள். ஒரு கூட்டம் மாவுச்சத்தை உடைத்து அமிலமாக்கும். அது வேகமாகப் பெருகும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்திலிருந்து வருவதைத் தின்று மீத்தேன் தரும். அது இரட்டிப்பாக நாள்கணக்கில் ஆகும். தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தால் மெதுவான கூட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். அது தங்க வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். அதற்காகத்தான் சில தொட்டிகளில் பிளாஸ்டிக் வளையங்களைக் கொட்டுகிறார்கள், அதன் மேல் படலம் கட்டுகிறது. பாப்பா தொட்டியில் தொங்கவிட்ட பி.வி.சி. துண்டு செய்வது இந்த வளையம் செய்யும் அதே வேலை.

இந்தத் தொட்டி தானாக ஓடாது. கிழங்கு சீசனில் ஒரே நாளில் நீரை அதிகம் விட்டால் அமிலக் கூட்டம் முந்திவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, 6.8-லிருந்து 7.4-க்குள் இருக்க வேண்டியது சரியும், வாயு நிற்கும். அப்போது நீர் வரத்தைக் குறைத்து, சுண்ணாம்பு சேர்த்து, மெதுவான கூட்டம் தலைதூக்கும் வரை காத்திருக்க ஒரு ஆள் வேண்டும். தினம் பார்த்து, தேதி போட்டு எழுதும் ஆள். ஒருமுறை ஒரு மாணவனோடு ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். காற்று ஊதும் தொட்டியிலிருந்து விரல் நுனி அளவு பிளாஸ்டிக் உருளை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார் அங்கிருந்த கெமிஸ்ட். வெளிப்பக்கம் சுத்தம், மற்ற உருளைகளோடு உரசித் தேய்ந்திருந்தது. உள்ளறைகளில் பழுப்பு வெல்வெட் மாதிரி ஒரு பூச்சு. மழைவிட்ட மண் வாசம், நாற்றமே இல்லை. இந்த வகையில் ஒரு கன மீட்டர் உருளைக்குள் சுமார் 500 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். நார்வேக்காரர்கள் 1980-களின் கடைசியில் கொண்டுவந்த இந்த மிதக்கும் உருளை முறை (எம்.பி.பி.ஆர்.) இன்று அபார்ட்மென்ட்டின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வரை வந்துவிட்டது.

படலத்தை வளர்ப்பது பாதி வேலை, தடுப்பது மறு பாதி. பால் பண்ணையில் குழாயைக் காஸ்டிக் சோடாவாலும் அமிலத்தாலும் கழுவுவார்கள். அப்படியும் தேய்ந்துபோன ரப்பர் கேஸ்கெட் இடுக்கில் படலம் பிழைத்திருந்து அடுத்த பாலைக் கெடுக்கும். சேலம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த ஸ்டீலிலேயே வெல்டிங் ஓரத்தில் நுண்ணுயிர் உட்கார்ந்து குழி போடும். படலத்தின் வெப்பக் கடத்தல் கிட்டத்தட்டத் தண்ணீரினுடையதுதான், ஸ்டீலைவிட இருபது மடங்குக்கு மேல் குறைவு. ஆகவே கூலிங் டவரோடு சேர்ந்த குழாயில் மெல்லிய படலம் இருந்தாலே எரிபொருள் செலவு ஏறும். திருப்பூரில் 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புதான் வழி என்றானது. அங்கே ஆர்.ஓ. சவ்வை அடைப்பதும் இதே படலம். சென்னை அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களுக்கும் இதே தலைவலிதான்.

ஏற்காட்டில் காப்பிப் பழத்தின் தோலுரித்து, கொட்டையில் ஒட்டிய கொழகொழப்பை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கழுவுகிறார்கள். அந்தக் கழுவு நீரில் இருப்பதும் சர்க்கரையும் அமிலமும்தான். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் வந்து கறுக்கும் திருமணிமுத்தாற்றுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால் இந்தப் பாடம் படித்தவர்கள் நமக்குத் தேவை. சேலத்துப் பெண்ணாக இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, படிப்பு. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, அரசு கலைக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். மைக்ரோபயாலஜி கிடைக்கவில்லையா, வேதியியல் எடுக்கட்டும், வருத்தப்பட வேண்டாம். இந்தத் துறையில் வேதியியல் தெரிந்தவளுக்குத்தான் கை ஓங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பாப்பா மெட்ரிக்கில் படித்ததால் அவளுக்குப் பொருந்தாது, படிக்கும் மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். டொனேஷன் கேட்கும் பி.டெக். பயோடெக்னாலஜிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன். அந்தப் பணம் நல்ல எம்.எஸ்சி.க்கு விடுதிச் செலவாக ஆகட்டும்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கிடைக்கும் லேப் வேலையில் சம்பளம் குறைவு, இதை மறைத்துப் பேச மாட்டேன். எம்.எஸ்சி. வரை போயே ஆக வேண்டும். சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் மைக்ரோபயாலஜியும் பயோடெக்னாலஜியும் இருக்கின்றன. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி. கதவும் திறக்கும். பிறகு ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கட்டும். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைப் பார்க்கிறது, கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் குளிர்நீரில் படியும் படலத்தையே ஆராய்கிறார்கள். இரண்டும் நம் ஊரிலிருந்து ஒரு பகல் பயணம்.

பாப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணு, நோட்டில் விரலால் தடவி "அதிகம், கம்மி" என்று எழுதியிருக்கிறாய். அடுத்து அளக்கப் பழகு. கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயத்தில் துண்டை நனைத்துக் கழுவினால் படலம் இருக்கும் இடம் மட்டும் ஊதாவாக நிற்கும். உன் பழைய பள்ளியில் பயாலஜி மிஸ்ஸைக் கேட்டு, அவர் முன்னால் கையுறை போட்டுச் செய். நீட்டுக்காகக் கைவிட்ட கணக்கையும் திரும்ப எடு. தண்ணீர் எந்த வேகத்தில் ஓடினால் படலம் பிய்யும் என்பது கணக்குதான்.

நேற்று அம்மா போன் செய்தார். பெரியப்பா இன்னும் சமாதானமாகவில்லையாம். அப்பா பட்டாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அரசுக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டாயிற்றாம். தகரத்துண்டை மாடு முட்டி அறுத்துவிட்டதாம், மற்ற மூன்றும் தொட்டியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவும்போது அவற்றை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.