தங்கி ஆராயப் போகுமுன்

கேள்வி: தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் பற்றி பிஎச்.டி. முடித்திருக்கிறேன். தங்கி ஆய்வு செய்யும் ஃபெலோஷிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது?
– வாசகி, மயூர் விகார், தில்லி

பதில்: முதலில் சிம்லா உயர் ஆய்வு நிறுவனத்தைப் பாருங்கள். வாஷிங்டனின் டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு நிறுவனம் பெரிய பெயர்தான்; ஆனால் அங்கே பைசாந்தியம் (கிழக்கு ரோமப் பேரரசு), கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்கா, தோட்ட-நிலவெளி ஆய்வு இவற்றுக்கே இடம். துறை பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல விண்ணப்பமும் தள்ளுபடிதான்.

தங்கும் மாதங்கள் எழுதுவதற்கு, அகழாய்வுக்கு அல்ல. 1972 தொல்பொருள் சட்டப்படி ஓடுகளை நாமாக வெளிநாடு கொண்டுபோக முடியாது. ஆகவே அளவுகோல் வைத்தெடுத்த படங்கள், விளிம்பின் குறுக்குவெட்டு வரைபடம், ஓடு கிடைத்த மண்ணடுக்கின் எண், வெளியிடும் அனுமதிக் கடிதம் எல்லாம் கிளம்புமுன் கையில் இருக்கட்டும். அனுமதிதான் இழுத்தடிக்கும், அதற்கு இன்றே எழுதிப் போடுங்கள்.

ஆய்வுத் திட்டத்தில், நீங்கள் தங்கப்போகும் நிறுவனத்தின் நூலகமே ஏன் வேண்டும் என்று சொல்லுங்கள்: ‘எகிப்தின் பழைய துறைமுகமான பெரெனிகேயில் கிடைத்த ஓடுகளோடு ஒப்பிட, அந்த அகழாய்வு அறிக்கைகள் தேவை’ என்பதுபோல. பரிந்துரைப்பவர்களுக்கு ஆறு வாரம் முன்பே திட்டத்தை அனுப்பிவிடுங்கள்.