மிஷனரியாகப் போய் ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எம்.ஏ. ஆங்கிலம் முடித்த மகள், தாய்லாந்தில் சியாங் மாய்க்குப் போய் பைபிளை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறாள். சபையில் எல்லோருக்கும் சந்தோஷம், உங்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. "வேண்டாம் என்று சொன்னால் ஆண்டவருக்கே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டவரின் அழைப்பு உண்டா இல்லையா என்பதில் நான் தலையிட முடியாது. அதை நீங்களும் அவளும் உங்கள் சபை ஐயரும் (பாஸ்டரும்) ஜெபித்து முடிவு செய்யுங்கள். வேலையைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிஷனரியாகப் போவது உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1903இலேயே திருநெல்வேலிக்காரர்கள் சொந்தக் காசைப் போட்டு இந்தியன் மிஷனரி சொசைட்டியைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் டோர்னகல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். ஆனால் அன்று போனவர் மிஷனரி என்ற ஒரே பெயரில் போனார். உங்கள் மகளை இரண்டு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்: ஒன்று ஆசிரியர் வேலை, இன்னொன்று மத ஊழியம். இரண்டுக்கும் படிப்பு வேறு, விசா வேறு, பணம் வருகிற வழியும் வேறு. கூப்பிடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதில்தான் சிக்கலே வருகிறது.

விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் பள்ளியில் கற்பிக்கப் போகிறவருக்கு 'நான்-இமிகிரண்ட் பி' விசா. மத ஊழியத்துக்கு 'ஆர்' என்று தனி வகை. அந்த 'ஆர்' விசா, அரசு அங்கீகரித்த ஒருசில கிறிஸ்தவ அமைப்புகளின் வழியாக, அவற்றுக்கு ஒதுக்கிய எண்ணிக்கைக்குள்தான் கிடைக்கும். எந்த விசாவில் போனாலும் அதற்குமேல் வொர்க் பெர்மிட் வேண்டும். சம்பளம் வாங்காத தன்னார்வலர் வேலையும் அங்கே வேலைதான், அதற்கும் பெர்மிட் கேட்பார்கள். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுக்கத் தொடங்கிய பிறகு, "முதலில் டூரிஸ்டாக வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வது சிலருக்குச் சுலபமாகிவிட்டது. யார் அப்படிச் சொன்னாலும், அவர் பாஸ்டராகவே இருந்தாலும், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். சரியான விசா இல்லாமல் மாட்டினால் அபராதமும் நாடுகடத்தலும் அவள் பெயரில்தான் விழும், கூப்பிட்டவர் பெயரில் அல்ல.

இன்னொரு பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அது நியாயமானது. தாய்லாந்து வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கதை தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் நடந்தது. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. உங்கள் மகளைக் கூப்பிடுகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சோதிக்கும் முறை ஒன்றுதான். வேலை தருகிற பள்ளியின் அல்லது அமைப்பின் பெயர், முகவரி, அவர்களின் பதிவு விவரம், விசா வகை, வொர்க் பெர்மிட்டை யார் எடுத்துத் தருவார்கள் என்பது, இத்தனையும் ஒரே தாளில் கையெழுத்தோடு வரட்டும். நல்ல அமைப்பு இதைக் கேட்டதற்குக் கோபப்படாது.

அந்த நாட்டில் முறையாக நடக்கும் கிறிஸ்தவப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. பாங்காக் கிறிஸ்டியன் காலேஜ் 1852இல் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் தொடங்கியது. சியாங் மாயிலேயே பிரின்ஸ் ராயல்ஸ் காலேஜ், தாரா அகாடமி, 1974இல் வந்த பாயப் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. இந்த மாதிரி ஓர் இடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தால் சம்பளம் உண்டு, விசா ஒழுங்காக இருக்கும், சாப்பல் ஆராதனையும் உண்டு. பைபிள் வகுப்பை ஒளித்து நடத்த வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருஷத்துக்கு இதுதான் சரியான வாசல்.

ஆனால் அந்த வாசலில் நிற்க எம்.ஏ. மட்டும் போதாது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களிடம் டோயிக் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். ஆசிரியர் உரிமம் விஷயத்தில் கல்வியியல் பட்டம் இருப்பவர்களுக்கு வழி சுலபம், இல்லாதவர்கள் தற்காலிக அனுமதியில் ஓட்ட வேண்டும். அதனால் என் யோசனை: முதலில் பி.எட். இரண்டு வருஷம் வீணாகிறதே என்று அவள் சொல்வாள். உண்மையான அழைப்பு இரண்டு வருஷத்தில் ஆறிப்போகாது. நாளைக்குத் திரும்பி வந்தாலும் அந்த பி.எட். இங்கே சோறு போடும், 'மூன்று வருஷம் வெளிநாட்டில் வேதபாடம் நடத்தினேன்' என்ற சான்றிதழ் போடாது. பி.எட். ஒத்துவராவிட்டால் ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் இருக்கிறது. 120 மணி நேரப் பயிற்சி, அதில் குறைந்தது 6 மணி நேரம் நிஜ மாணவர்கள் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். செலவு அதிகம். கையைக் கடிக்காமல் வேண்டுமென்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு உண்டு.

வி.பி.எஸ்.ஸில் (சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியில்) ஐந்து வருஷம் வகுப்பு எடுத்திருக்கிறாளே என்கிறீர்கள். நல்லதுதான், பிள்ளைகள் முன்னால் கூச்சம் போயிருக்கும். ஆனால் அங்கே கதை தெரிந்த பிள்ளைகளுக்கு, தெரிந்த மொழியில் சொன்னாள். இது வேறு. லூக்கா 15இல், அப்பாவிடம் சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வரும் கெட்ட குமாரன் கதையை வைத்து ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பாருங்கள். கையில் பழைய ஆங்கிலநடையில் உள்ள கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்தால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வாள். பன்றிக்குப் போட்ட தவிட்டைத் தின்ன ஆசைப்பட்டான் என்ற இடத்தில் 'ஃபெயின்', 'ஹஸ்க்ஸ்', 'ஸ்வைன்' என்று மூன்று சொல் வரிசையாக நிற்கும். ஹோட்டல் வரவேற்பு மேஜையில் வேலை தேடும் பையனுக்கு இந்த மூன்றும் எதற்கு? ஆயிரம் சொற்களுக்குள் எழுதி 1949இல் முழுமையாக வந்த பேசிக் இங்லிஷ் பைபிள், அல்லது வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கான எளிய பதிப்பு ஒன்று வேண்டும். பலகையில் ஒரு வீடு, ஒரு சாலை, ஒரு பன்றிக்கூடம் வரைந்து, போனான், செலவழித்தான், பசித்தான், திரும்பினான், ஓடினார் என்ற ஐந்து வினைச்சொற்களின் இறந்தகாலத்தை மாணவர் வாயிலிருந்தே வரவைக்க வேண்டும். அப்புறம் மாணவர்களே கேட்பார்கள்: அப்பா உயிரோடு இருக்கும்போதே பங்கு கேட்டானா? நம் ஊரிலும் அது சண்டைதான், அவர்கள் ஊரிலும் அப்படித்தான். அந்தச் சண்டையை ஆங்கிலத்தில் போடவிடுகிறவள் ஆசிரியை. ஐந்தாவது நிமிடத்திலேயே மனந்திரும்புதலுக்குத் தாவுகிறவளிடம் யாரும் ஆங்கிலம் கற்க மாட்டார்கள், அடுத்த வாரம் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் கைடோ வெர்பெக். 1859இல் நாகசாகி போன மிஷனரி. ஜப்பானில் அப்போது கிறிஸ்தவம் தடை, 1873 வரை தடைப் பலகைகள் தெருவில் நின்றன. அவர் புதிய ஏற்பாட்டையும் அமெரிக்க அரசியல் சாசனத்தையும் வைத்து ஆங்கிலம் கற்பித்தார். அவரிடம் படித்த ஓகுமா ஷிகெனோபு பிற்பாடு இரண்டு முறை பிரதமரானார், வசேதா பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போட்டார், ஆனால் கிறிஸ்தவராகவில்லை. மகளிடம் இதைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: "உன்னிடம் படிக்கும் நூறு பேரும் நல்ல ஆங்கிலம் பேசி நல்ல வேலைக்குப் போய், ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்காவிட்டால், உனக்குத் திருப்தியா?" ஆமாம் என்றால் ஆசிரியை வேலைக்கு அனுப்புங்கள். இல்லை என்றால் அவள் போக வேண்டியது இறையியல் கல்லூரிக்கு, பிறகு 'ஆர்' விசாவில். இரண்டும் மரியாதையான பாதைதான். ஆங்கில வகுப்பு என்று விளம்பரம் போட்டு வரவழைத்து, உட்கார்ந்த பிறகு பைபிளை எடுப்பதுதான் தப்பு. பைபிளிலிருந்துதான் பாடம் என்பது நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

தாய்லாந்து சரிவராவிட்டால் நேபாளம் போகலாம், விசாவே வேண்டாம் என்று யாராவது சொல்லக்கூடும். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பது சரி. ஆனால் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய குற்றவியல் சட்டத்தில் மதம் மாற்ற முயன்றால் 5 வருஷம் வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடுகடத்தல். கொரியாவின் 'ஈ-2' ஆசிரியர் விசா ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டவருக்கானது, இந்தியர்களுக்கு உள்ள வழி மிகக் குறுகியது, அதுவும் ஆசிரியர் தகுதி இருந்தால்தான். சீனாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பணம். "சம்பளம் இல்லை, ஆதரவாளர்கள் அனுப்புவார்கள்" என்றால், எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். முதல் கிறிஸ்துமஸ் வரை காணிக்கை நன்றாக வரும், அதற்குப் பிறகு குறையும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவக் காப்பீடும் திரும்பி வரும் டிக்கெட் காசும் அவள் கணக்கிலேயே இருக்கட்டும். கல்விக் கடன் பாக்கி இருந்தால் அதை அடைக்கும் வரை சம்பளம் இல்லாத இடத்துக்கு அனுப்பாதீர்கள். இதில் நான் கறார்தான்.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது என் துறை இல்லை அம்மா. பி.எட். விண்ணப்பத்தை மட்டும் இந்த வருஷமே போடச் சொல்லுங்கள். அவளுக்கு வந்த அழைப்புக் கடிதத்தின் நகலை அனுப்பினால், விசா வகை என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.