எலுமிச்சை பிழிந்த கை கறுத்துப்போவது ஏன்?

கேள்வி: கடற்கரையில் கருவாடு காயவைக்கிறேன். மதியம் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்து எலுமிச்சை ஜூஸ் போடுவது நான்தான். போன வாரம் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் எரிச்சலெடுத்துக் கொப்புளம் வந்தது. இப்போது அந்த இடம் கறுத்திருக்கிறது. எலுமிச்சை எனக்குச் சேரவில்லையா? குடிப்பதை நிறுத்தவா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது குடித்ததால் வந்ததாகத் தெரியவில்லை, பிழிந்ததால் வந்தது. எலுமிச்சையில், முக்கியமாக அதன் தோலில், சோரலின் வகைப் பொருட்கள் உண்டு. அவை பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் சருமம் வெந்துபோகும். அலர்ஜி இல்லை, யாருக்கும் வரலாம். பிழிந்த அன்று ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து கொப்புளிக்கும். அதனால் மீன் முள் குத்தியதோ, பூச்சி கடித்ததோ என்று நினைத்துவிடுகிறோம். சாறு வழிந்த தடத்திலேயே கோடாகக் கறுத்திருக்கிறதா, பாருங்கள்.

கறுப்பு தானாக மறையும், சில வாரமோ சில மாதமோ ஆகலாம். அதுவரை அந்த இடத்தை வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள். கறுப்பு போகட்டும் என்று அதன்மேலேயே எலுமிச்சையைத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். வெள்ளையாக்கும் கிரீமும் வேண்டாம். புண்ணில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இனி ஜூஸை வீட்டிலேயே போட்டு எடுத்துப் போங்கள். ஆளுக்கு ஒரு பழம் போதும். குறுக்கே நறுக்கி, எலுமிச்சை பிழியும் மரக்கட்டையில் வைத்துப் பிழியுங்கள். தோல் கசங்கும்வரை அழுத்தினால் கசப்பும் இறங்கும், சோரலின் உள்ள தோல் எண்ணெயும் கையில் ஏறும். முடித்ததும் சோப்புப் போட்டு மணிக்கட்டுவரை கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள்.

உப்பு ஒரு சிட்டிகை போதும். உங்கள் பக்கம் பல கிணறுகளில் தண்ணீரே கரிக்கும், சோற்றுக்கும் கருவாடு. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உப்பில்லாமல் கொடுங்கள். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பது தப்பு, ஏறும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மீனுக்கு இறக்கும் ஐஸ் பாளத்தை உடைத்து ஜூஸில் போடாதீர்கள். அது குடிக்கிற ஐஸ் இல்லை. குளிரிலும் கிருமி சாகாது, எலுமிச்சைப் புளிப்பை நம்பவும் முடியாது. பானைத் தண்ணீரில் கலந்தாலே குளுகுளுவென்று இருக்கும்.