எதிர் சீட்டில் இருப்பவர் யார்?

வணக்கம்.

நானும் நண்பரும் பத்து நிமிட கேம் ஒன்றை கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறோம். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் இரவு மின்சார ரயில். மழையே இல்லை, ஆனால் எதிர் சீட்டில் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருக்கிறார். ‘நீங்க யாரு?’, ‘எங்கே போறீங்க?’, ‘பயமா இருக்கா?’ என்று கேட்கலாம். கிண்டி வருவதற்குள் அவரைப் போலீஸில் சொல்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவருடைய பதில்கள் எல்லாம் முன்பு ஆடியவர் டைப் செய்தவை. பிறகு திரை இருண்டு, நாமே நனைந்த சட்டையோடு அதே கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறோம்; அது அடுத்தவருக்குப் போகும். எட்டுப் பேருக்குக் கொடுத்தோம். பாதிப் பேர் ‘ஹாய்’, ‘டெஸ்ட்’ என்று எழுதினார்கள். இரண்டு பேர் ‘இது நிஜ ஆள்தானே’ என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நேரடி மல்டிபிளேயராக மாற்றிவிடலாமா?

— ஆர்., ஆதம்பாக்கம்

அன்புள்ள ஆர்.,

மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு 20 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் ஆடினால் மொத்தம் 200 நிமிடம். ஒரு நாளில் இருப்பது 1440. ஒருவர் உள்ளே நுழையும்போது இன்னொருவர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்க எட்டில் ஒரு வாய்ப்புதான். 2012-இல் வந்த ‘ஜர்னி’ என்ற கேம் முன்பின் தெரியாத இருவரை நேரடியாகச் சேர்த்துவைத்தது, பெயர்களை முடிவில்தான் காட்டியது. அதற்கு எந்நேரமும் கூட்டம் வேண்டும். சின்ன கேமுக்கு உங்கள் சங்கிலி முறைதான் சரி.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ‘மொய்ராய்’ என்ற இலவச கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள், அதனால் ரகசியத்தைச் சொல்வதில் பாதகமில்லை. காணாமல் போன பெண்ணைத் தேடிக் குகைக்குள் போகிறோம். வழியில் ரத்தக்கறையோடு ஒரு விவசாயி. அவரை விசாரித்து, கொல்வதா விடுவதா என்று தீர்மானிக்கிறோம். திரும்பி வரும்போது ரத்தம் நம் மேல், கேள்வி கேட்பவர் வேறொருவர். அங்கே எழுதுபவருக்குத் தப்பிக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது, அதனால் மனசோடு எழுதுகிறார். உங்கள் கேமில் ஆடுபவர் எதுவுமே செய்யாமல் நனைந்துவிடுகிறார். மறைக்க ஒன்றும் இல்லாதவர் ‘ஹாய்’ என்றுதான் எழுதுவார்.

முடிவெடுக்கும் இடத்தை மாம்பலத்துக்கு முன்னால் கொண்டுபோங்கள். பிறகு சைதாப்பேட்டையில் இறக்கிவிட்டு, அடையாற்றுக்குள் ஒரு பையை அமுக்கும் பட்டனை ஆடுபவரையே அழுத்தவையுங்கள். ஒன்றரை நிமிடக் காட்சி போதும். அடுத்த ரயிலில் அவர் ஏறும்போது ஈரம் அவருடையது.

கேள்விகளை மாற்றியே ஆக வேண்டும். ‘நீங்க யாரு?’ என்றால் சொந்தப் பெயரை எழுதுவார்கள், குட்டு அங்கேயே உடையும். ‘பயமா இருக்கா?’ என்றால் ‘ஆமா’, ‘இல்ல’ இரண்டில் ஒன்று வரும். ‘மழையே இல்லையே, எப்படி நனைஞ்சீங்க?’, ‘கையில ஏன் சேறு?’, ‘எதுக்கு அடிக்கடி ஜன்னல் பக்கமே பாக்குறீங்க?’ என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் தன்மையில்தான் வரும். தமிழில் ‘விழுந்துட்டேன்’ என்பதில் ஆணா பெண்ணா என்பது இல்லை. ‘விழுந்தான்’, ‘விழுந்தா’ என்று படர்க்கைக்குப் போனால் ஒட்டாது. யார் எழுதியதும் அந்த நனைந்த உருவத்துக்குப் பொருந்த வேண்டுமானால் ‘அண்ணா’, ‘அக்கா’ என்று விளிக்கவும் கூடாது.

இருவர் கண்டுபிடித்ததற்குக் காரணம் நடை. மற்ற பயணிகள் பிழையில்லாமல் பேச, இவர் ஒருவர் மட்டும் புள்ளி, கமா இல்லாமல் பேசினால் தெரிந்துவிடும். சமோசா விற்பவரையும் பக்கத்து சீட்காரரையும் அதே மாதிரி எழுதுங்கள், தங்கிலீஷும் கலக்கட்டும். டைப் செய்யும் பெட்டி கடைசியில் மட்டும் முளைத்தாலும் சந்தேகம் வரும். தொடக்கத்திலேயே ‘டிபன் பாக்ஸில் என்ன?’ என்று ஒன்றைக் கேட்டு, அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

எழுத்து ஒவ்வொன்றாக விழும் எஃபெக்ட் வைத்திருந்தால் ‘அம்மா’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். முதலில் ‘அ’, அடுத்து ‘அம’, பிறகுதான் புள்ளி வந்து உட்காரும். கோடோ குறியீடுகளை எண்ணுகிறது, எழுத்துகளை அல்ல; ‘ம்’ என்பதில் ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. வசனத்தைக் காட்டும் லேபிளின் அமைப்புகளில் ‘விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்’ என்பதை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’குக்கு மாற்றினால் சரியாகும். நீள வரம்பிலும் இதே சிக்கல்தான்: ‘தமிழ்’ மூன்று எழுத்து, கோடோவுக்கு ஐந்து. 120 என்று வைத்தால் தமிழில் எழுபது எழுத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். 200 வையுங்கள்.

சர்வர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ‘மொய்ராய்’ நின்றதே தொடர் தாக்குதல்களால்தான். டேட்டாபேஸ் சாவியை கேமுக்குள் வைத்தால் யாரும் பிரித்து எடுத்துவிடுவார்கள். நடுவில் சின்ன சர்வர் ஒன்று இருக்கட்டும்; ஒரே இடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பதில்தான் வாங்கட்டும். ஒருவருக்குக் கொடுத்த பதிலை 30 நிமிடம் பூட்டுங்கள். அவர் பாதியில் பிரௌசரை மூடிவிட்டால் அது தானாகப் பொதுத் தொகுப்புக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

கெட்ட வார்த்தை ஃபில்டரை நம்பாதீர்கள். தங்கிலீஷில் ஒரே வசவைப் பத்து விதமாக எழுதலாம், விகுதி சேர்ந்தால் இன்னும் பெருகும். வரும் பதில்களை நீங்களே படித்த பிறகு வெளியே விடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் ஆடுபவருக்குத் தெரியப்போவதில்லை. நேரடி மல்டிபிளேயரில் இந்த வசதி கிடைக்காது. பத்து இலக்க எண் தென்பட்டால் தானாக அழிக்கவையுங்கள். ‘நீங்கள் எழுதுவது சேமிக்கப்படும்’ என்ற வரியை முதல் திரையில் கட்டாயம் போடுங்கள். அதனால் ரகசியம் கெடாது, யாரிடம் போகிறது என்று அதில் இல்லையே. முடிவில் உண்மையைச் சொல்லி, தன் பதிலை நீக்கிக்கொள்ளும் பட்டனையும் அங்கேயே கொடுங்கள்.

முதல் ஆளுக்கு எதிரே உட்காரவும் ஒருவர் வேண்டும். அதற்கு 20 பதில்களை இருபது பேரிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களே உட்கார்ந்து எழுதினால் எல்லாம் ஒரே குரலாக இருக்கும். அந்த இருபதையும் கேம் ஃபைலுக்குள்ளும் வையுங்கள். சர்வர் ஐந்து விநாடிக்குள் பதில் தராவிட்டால் அதிலிருந்து ஒன்று வரட்டும்.