ஹார்மோன் தொடங்கினால் கணக்கு வந்துவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, டர்னர் சிண்ட்ரோம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறோம். அடுத்து ஈஸ்ட்ரோஜன் தொடங்கலாம் என்கிறார் டாக்டர். கதைப் புத்தகம் சரளமாகப் படிப்பவளுக்குக் கணக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: டாக்டர் சொன்னபடி தொடங்குங்கள். ஆனால் கணக்கு வரும் என்று எதிர்பார்த்துத் தொடங்காதீர்கள்.

டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தைகளுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ ஒரு பகுதியோ இருக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும் சினைப்பை பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. அதனால்தான் 11, 12 வயதில் மிகக் குறைந்த டோஸில் ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்லக் கூட்டுகிறார்கள். பருவ வளர்ச்சிக்கும் எலும்பு உறுதிக்கும் கர்ப்பப்பைக்கும் அது தேவை. கணக்கு வரவில்லையே என்று டோஸைக் கூட்டச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள். சீக்கிரமே அளவு கூடினால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ளும், உயரம் அதோடு நின்றுவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டர்னர் சிண்ட்ரோம் உள்ள பலருக்கும் இருக்கும் இந்தக் கணக்குச் சிரமம் ஆரம்ப வகுப்புகளிலேயே தலைகாட்டிவிடுகிறது. அந்த வயதில் மற்றப் பெண் குழந்தைகளுக்கும் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவுதான். அவர்கள் எல்லோருமா கணக்கில் திணறுகிறார்கள்? ஆகவே ஹார்மோன் குறைவை முக்கியக் காரணமாகச் சொல்ல முடியாது. ஈஸ்ட்ரோஜன் பெற்ற சிறுமிகளிடம் யோசித்துச் செய்யும் வேகம் ஓரளவு கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் வளர்ந்த பெண்களிடமும் இடம், வடிவம், திசை சார்ந்த சிரமங்கள் தொடர்கின்றன. வளர்ச்சி ஹார்மோன் உயரத்துக்குத்தான். அதற்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

சரி, கணக்குக்கு என்னதான் வழி? முதலில் அவள் எங்கே தடுக்கி விழுகிறாள் என்று பாருங்கள். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் கடன் வாங்கத் தெரிந்திருக்கும். ஆனால் பத்தின் இடத்தில் இருக்க வேண்டிய எண்ணை ஒன்றின் இடத்துக்குக் கீழே எழுதியிருப்பாள். இதற்குக் கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் எண் என்ற பழக்கமே பாதி உதவி. ஏழெட்டு எவ்வளவு என்றால் சரியாகச் சொல்வாள், நேரம்தான் பிடிக்கும். அங்கே 'வேகமாகச் சொல்லு' என்று விரட்டுவதுதான் நாம் செய்யும் பெரிய கெடுதல். இந்தச் சிறுமிகளில் பலருக்குப் பதற்றம் எளிதில் வரும். பதறினால் தெரிந்ததும் மறந்துபோகும்.

அவளுடைய பலம் மொழி. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடட்டும். வடிவியல் படத்தை வெறுமனே காட்டாமல், 'இந்தக் கோடு மேலிருந்து கீழே வருகிறது, அந்தக் கோட்டை இங்கே வெட்டுகிறது' என்று வார்த்தையில் சொல்லுங்கள். வாய்ப்பாடு அட்டை பக்கத்தில் இருந்தால் தப்பே இல்லை.

அப்புறம், காதையும் தைராய்டையும் சோதித்துவிட்டீர்களா? நடுக்காதுத் தொற்று, கேள்திறன் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு மூன்றும் இவர்களிடம் அதிகம். பாதி காதில் விழாத வகுப்பில் எந்தப் பாடமும் ஏறாது. கற்றல் திறனை மதிப்பிடும் உளவியலாளரிடமும் ஒருமுறை காட்டுங்கள். அவர் தரும் அறிக்கையோடு பள்ளிக்குப் போனால், தேர்வில் கூடுதல் நேரம் கேட்பது எளிது. ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கேட்கலாம்.