இரண்டு அமர்வுகளுக்கு நடுவே ஒரு கைப்பேசி

மனநலம்: கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்கப் படைப்பணியிலிருந்து திரும்பியவர்களின் மனச்சோர்வு, பதற்றம் குறித்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உளவியலாளர் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், அதை வைத்து என்ன செய்வது என்பதே பெரும்பாலோரின் கேள்வி. எங்கள் ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள்.

என் கணவர் காங்கோ அமைதிப் படையில் இரண்டு முறை பணியாற்றியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் பேசப் போகிறார். அவர் ‘பி.டி.எஸ்.டி. கோச்’ என்ற செயலியைப் போடச் சொன்னார். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. செயலி இருக்கும்போது சிகிச்சையை நிறுத்திவிடலாமா? – வாசகி, சாட்ஸ்வொர்த்

நிறுத்த வேண்டாம், சகோதரி. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோய்க்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2011இல் வெளியிட்ட இலவசச் செயலி அது. சிகிச்சைக்கு மாற்று என்று அதை உருவாக்கியவர்களே சொல்லவில்லை. செலவுதான் தடை என்றால் ஒரு வாரம் நேரில், மறு வாரம் வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று உளவியலாளரிடமே கேளுங்கள். இந்தச் செயலியை நடுவில் வைத்து எட்டு வாரத்தில் நான்கு சிறிய அமர்வுகளாக, ஒவ்வொன்றும் 20 முதல் 30 நிமிடம், ஆலோசகர் வழிநடத்தும் முறை ஒன்றும் அமெரிக்காவில் உண்டு. அதிலும் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

போடும்போது, வெளியிட்டவர் பெயர் ‘யு.எஸ். டிபார்ட்மென்ட் ஆஃப் வெட்டரன்ஸ் அஃபேர்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டால் போதும். பிறகு டேட்டா இல்லாமலே ஓடும், மின்வெட்டு நேரத்திலும் உதவும்.

அடுத்து நம் நாட்டில் எல்லோரும் தவறவிடும் ஒரு வேலை. அந்தச் செயலியில் உள்ள அவசர உதவி எண் அமெரிக்க எண். டர்பனிலிருந்து அழுத்தினால் பயன் இல்லை. உதவிக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை முதல் நாளே நிரப்புங்கள். மனச்சோர்வு, பதற்ற நோய்களுக்கான தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாக்கின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567 முதலில் இருக்கட்டும். பிறகு கைப்பேசியிலிருந்து அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 10177, கடைசியாக நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய ஒரு உறவினர்.

பயன்படுத்தும் விதம் எளிது. மனம் கொதிக்கும்போது கலக்கத்துக்கு 0 முதல் 10க்குள் ஓர் எண் கொடுத்து, மூச்சுப் பயிற்சியோ தசைத் தளர்வோ ஒன்றைச் செய்து, மறுபடி எண் கொடுக்க வேண்டும். கொதிக்கும் நேரத்தில் முதன்முறையாகத் திறந்தால் விரல் நடுங்கும், எதைத் தொடுவது என்று தெரியாது. ஆகவே ஒருநாளைக்கு ஐந்து நிமிடம் அமைதியான வேளையிலேயே பழகட்டும். தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி கை ஃபாக்ஸ் நாள் வாணவெடியும் நம் ஊரில் அடுத்தடுத்து வரும். ஒரு மாதம் முன்பே பழகத் தொடங்கினால் அந்த இரவுகளில் கை தானாகப் போகும்.

மகனுக்கு மனச்சோர்வு. செயலியில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தைத் தினமும் நிரப்புகிறான். ஒருநாள் 14, மறுநாள் 17, அடுத்து 12. ஏறினால் வீடே இடிந்துபோகிறது. – தாய், டோங்காட்

அம்மா, அந்த ஒன்பது கேள்விகளும் ‘கடந்த இரண்டு வாரத்தில்’ என்றுதான் தொடங்குகின்றன. தினமும் நிரப்பினால் நேற்றைய கோபத்தையே அளக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அமர்வுக்கு முந்தைய நாள், ஒரே வேளையில் நிரப்பட்டும். மொத்தம் 27. ஐந்து முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை என்று படிப்பார்கள். பதற்றத்துக்கான ஏழு கேள்விப் படிவத்தில் மொத்தம் 21. அங்கே 5, 10, 15. பேரதிர்ச்சி நோய்க்கான இருபது கேள்விப் படிவத்தில் மொத்தம் 80. அதில் பத்துப் புள்ளியாவது இறங்கினால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்குவதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம்.

எண்ணைவிட ஒன்பதாம் கேள்வியின் பதில் முக்கியம். செத்துப்போனால் தேவலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. அங்கே பூஜ்யம் அல்லாத எதுவாக இருந்தாலும் அமர்வு வரை காத்திருக்காதீர்கள். அதை அழுத்தியதும் மருத்துவருக்குத் தகவல் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. திரையில் ஓர் அறிவுரை வரும், அவ்வளவுதான். அன்றே உளவியலாளரை அழையுங்கள், கிடைக்காவிட்டால் மேலே சொன்ன சாடாக் எண். வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தால், உடல்நிலை தேறும்வரை அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கி வியாபாரியிடம் பாதுகாப்புக்கு ஒப்படைப்பது பற்றி அவனோடு பேசுங்கள். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

ராணுவத்திலிருந்து வந்து இப்போது பாதுகாவலர் வேலை, மாலை ஆறு முதல் காலை ஆறு. தூக்கமே இல்லை. ‘சி.பி.டி.-ஐ கோச்’ என்ற தூக்கமின்மைச் செயலி சொல்கிறபடி படுக்கை நேரத்தைக் குறைக்கலாமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

தனியாகச் செய்யாதீர்கள். கணக்கு இதுதான்: எட்டு மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம் தூங்கினால் தூக்கத் திறன் 62.5 சதவீதம். சிகிச்சையாளர் படுக்கை நேரத்தை ஐந்தரை மணி ஆக்குவார். ஒரு வாரம் 85 சதவீதத்தைத் தொட்டால் 15 நிமிடம் கூட்டுவார். ஐந்து மணிக்குக் கீழே பெரும்பாலும் போகமாட்டார். முதல் இரண்டு வாரம் பகலெல்லாம் கண் சொருகும். வண்டி ஓட்டுபவருக்கும் ஆயுதம் ஏந்தி நிற்பவருக்கும் இது ஆபத்து. வலிப்பு நோயோ, மனம் அளவுக்கு மீறிப் பொங்கும் நோயோ (பைபோலார்) உள்ளவர்களுக்கும் அப்படியே. பகல் பணியும் இரவுப் பணியும் மாறி மாறி வந்தால் செயலியின் அட்டவணை உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இப்போதைக்குச் செயலியின் தூக்க நாட்குறிப்பை மட்டும் இரண்டு வாரம் நிரப்பி உளவியலாளரிடம் காட்டுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், உத்தேசமாக எழுதினால் போதும். எத்தனை மணிக்கு விழித்தோம் என்று பார்க்கப் படுக்கையில் கைப்பேசியை எடுப்பதே மறுபடி தூக்கத்தைக் கலைக்கும்.

தம்பிக்கு, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சை. உளவியலாளர் அதை ‘பி.இ. கோச்’ என்ற செயலியில் பதிவு செய்து தினமும் கேட்கச் சொல்லியிருக்கிறார். பாதியில் தாங்க முடியாமல் மூச்சுப் பயிற்சிக்குப் போய்விடுகிறான். மூன்று வாரமாக முன்னேற்றம் இல்லை. – வாசகர், மெரிபேங்க்

தடை எங்கே என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இந்தச் சிகிச்சை பயத்தின் அருகிலேயே உட்கார்ந்திருக்கப் பழக்குவது. ‘இந்த நினைவு என்னைக் கொல்லாது’ என்று மூளை கற்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது மூச்சுப் பயிற்சிக்குத் தாவினால், ‘மூச்சுதான் காப்பாற்றியது’ என்று அது தவறாகக் கற்றுக்கொள்கிறது. மூச்சுப் பயிற்சி நல்லது. கேட்பதற்கு முன்போ முழுக்க முடிந்த பிறகோ, நாளின் வேறு வேளையிலோ செய்யட்டும். ஒரே கைப்பேசிக்குள் பதிவும் மூச்சுப் பயிற்சியும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். கேட்கும் நேரத்தில் மூச்சுப் பயிற்சியைத் திறக்கக் கூடாது என்று உளவியலாளர் முன்னிலையிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. பதிவு கெட்டுப்போனால் ஒரு வார வீட்டுப்பாடம் போய்விடும். அமர்வுக்குக் கிளம்பும்முன் பேட்டரி பாதிக்கு மேல், 500 எம்பி காலி இடம். அறைக்குள் நுழைந்ததும் விமானப் பயன்முறை, இல்லாவிட்டால் நடுவில் வரும் அழைப்பு பதிவை நிறுத்திவிடக்கூடும். கைப்பேசியை மேசை மேல் வைத்து ஒலிவாங்கி தம்பி பக்கம் இருக்கட்டும். சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் கேட்கும். ஒரு நிமிடம் பேசி, ஒலிக்கவிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் கேட்கும்போது கதவைச் சாத்தி, உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ கேட்டால் அது பாடமாகாது. கலக்கத்துக்கு 0 முதல் 100 வரை எண்: தொடங்கும்போது, உச்சத்தில், முடிவில். உச்சம் வாரா வாரம் இறங்குகிறதா என்பதைத்தான் உளவியலாளர் பார்ப்பார். படுக்கைக்குப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

வெளியே போய்ச் செய்யும் பயிற்சியிலும் இதே கதைதான். அவன் பயந்து ஒதுக்கும் இடங்களின் பட்டியலில் ‘சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் சந்தை, சனிக்கிழமை காலை’ என்று ஒரு வரி, எதிரே கலக்கத்துக்கு 50 என்ற எண் இருக்கிறது என்று வையுங்கள். தம்பி போகிறான். ஆனால் முதுகைச் சுவரோடு ஒட்டி, வாசலைப் பார்த்தபடி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறான். செயலியில் ‘முடித்தேன்’ என்று பதிவாகும், மனத்தில் ஒன்றும் பதியாது. கீரைக் கட்டுகளுக்கும் தக்காளிக் குவியலுக்கும் நடுவே, ஆட்கள் தோளில் இடித்துப் போகும் இடத்தில், 30 முதல் 45 நிமிடம் அல்லது கலக்கம் பாதியாகும்வரை நிற்க வேண்டும். முதல்முறை நீங்கள் கூடப் போகலாம். மூன்றாம் முறை போகாதீர்கள்.

நான் இன்னும் படையில் இருக்கிறேன். மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமா? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மேலே சொன்ன செயலிகளில் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதுவது கைப்பேசிக்குள்ளேயே இருக்கும். கசிவது வேறு வழியில். மதிப்பெண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் உளவியலாளருக்கு அனுப்புகிறோம். அந்தப் படம் கேலரியில் தங்கி, கூகுள் போட்டோஸுக்கு ஏறி, வீட்டில் பிள்ளைகளின் டேப்லெட்டிலும் தெரியலாம். அனுப்பாதீர்கள், அமர்வில் திரையைக் காட்டுங்கள். கைப்பேசிக்குப் பூட்டு எண் கட்டாயம், நினைவூட்டல்கள் பூட்டிய திரையில் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். நினைவூட்டல் வரவே இல்லை என்றால் பேட்டரி சேமிப்பு முறை அதைத் தடுத்திருக்கும்; அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். கைப்பேசி திருடுபோனாலோ செயலியை நீக்கினாலோ பதிவுகளும் போய்விடும். ஆகவே எண்களை ஒரு சிறு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

அப்பா 1970களில் டர்பன் சாலிஸ்பரி தீவில் பயிற்சி பெற்று கடற்படையில் இருந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், ஆனால் மனம் கலங்கினால் தமிழ்தான் வருகிறது. செயலிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இதுவரை எந்தச் சிகிச்சைக்கும் போனதில்லை. – மகள், ஸ்டாங்கர்

முதலில் சிகிச்சை, பிறகு செயலி. 2011ஆம் ஆண்டு ராணுவ முன்னாள் வீரர்கள் சட்டத்தில் கடும் மனநோய்க்கும் பேரதிர்ச்சி நோய்க்கும் ஆலோசனையும் சிகிச்சையும் சலுகையாக இருக்கின்றன. 1960 முதல் 1994 வரை விடுதலைப் போரின் எந்தத் தரப்பில் பணியாற்றியவரும் அதன் வரையறைக்குள் வருகிறார். முன்னாள் வீரர்கள் துறையின் தரவுத்தளத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பணிச் சான்றுகளோடு பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

மொழிக்கு ஒரு வழி உண்டு. ‘வர்ச்சுவல் ஹோப் பாக்ஸ்’ என்ற செயலியின் அடிப்படை, ஒருவர் தனக்குப் பிடித்த படம், குரல், வாசகம் ஆகியவற்றை ஒரு பெட்டிபோலச் சேர்த்துவைப்பது. 118 படைவீரர்களிடம் 12 வாரம் சோதித்தபோது, துன்ப உணர்ச்சிகளைச் சமாளிக்கும் நம்பிக்கை கூடியது. தற்கொலை எண்ணத்தின் தீவிரத்தில் தனி வேறுபாடு காணவில்லை. ஆகவே இது துணைதான், காவல் அல்ல. இதற்கு அந்தச் செயலிகூடத் தேவையில்லை. கேலரியில் ‘அப்பா’ என்று ஒரு கோப்புறை திறங்கள். பத்துப் படம் போதும். அவருக்குப் பழக்கமான தேவாரப் பாடல் ஒன்று, பேரப்பிள்ளை ‘தாத்தா’ என்று கூப்பிடும் குரல் அரை நிமிடம், அவரே தெளிவான ஒரு நாளில் தமிழில் தனக்குச் சொல்லிக்கொள்ளும் இரண்டு வாக்கியம். எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சீருடைப் படங்களையும் பழைய தோழர்களின் படங்களையும் அவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். நமக்குப் பெருமையாகத் தெரிகிற படம் அவருக்கு எந்த இரவை நினைவூட்டும் என்று வெளியிலிருந்து தெரியாது. கோப்புறையின் குறுக்குவழியை முகப்புத் திரையில் வைத்து, எழுத்தளவைப் பெரிதாக்கி, அவரே மூன்று முறை திறந்து காட்டும்வரை பக்கத்தில் இருங்கள்.