தனி ஆளாக ஒரு சாகசப் புத்தகம்: கேள்வி - பதில்

அண்ணை, பகடை போட்டுக் கதைக்குள் ஒரு பாத்திரமாக ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்' சாகசப் புத்தகத்தைத் தனியே ஆடத் தொடங்கிய முதல் சண்டையிலேயே என்ர வீரன் இரண்டு தரம் செத்துப்போனான். நான் என்ன பிழை விட்டேன்? (கிளிநொச்சி)

பிழை உங்களுடையது இல்லை, தம்பி. அது நாலைந்து பேர் சேர்ந்து ஆட எழுதிய சாகசம். கணக்கைப் பாருங்கள். பதுங்கியிருப்பது 4 கோப்ளின், அதாவது குட்டிப் பூதங்கள். உங்கள் கவச எண் (உங்களை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டுவது) 16 என்றால், ஒவ்வொன்றும் 20 பக்கப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் போட்டால் அடி விழும். அது 45 சதவீதம். விழும் ஓர் அடிக்குச் சராசரி ஐந்தரை உயிர்ப்புள்ளி போகும். நாலும் ஒவ்வொருமுறை அடிக்கப் பார்த்தால், ஒரு சுற்றில் சராசரியாக ஏறக்குறைய 10 புள்ளி போய்விடும். முதல் நிலைப் போர்வீரனிடம் இருப்பதே 12, 13தான்.

கோப்ளினின் பலம் இங்கே பெரிய விஷயமில்லை. நீங்கள் ஒருமுறை வெட்டுவதற்குள் அவை நாலுமுறை வெட்டுகின்றன. அதனால் அவற்றின் உயிர்ப்புள்ளியைக் குறைத்துப் பெரிய பலனில்லை, தலைகளைக் குறையுங்கள். ஒன்றோடு தொடங்கி, இரண்டு சுற்றுக்குப் பிறகு மற்றதைக் காட்டுக்குள்ளிருந்து வரவிடுங்கள். துணையாள் ஒருவரையும் சேர்க்கலாம். 2019இல் இதே விளையாட்டுக்கு வந்த 'எசென்ஷியல்ஸ் கிட்' என்ற தொடக்கப் பெட்டியில் அதற்கு விதிகள் உண்டு. நாலு பாத்திரத்தையும் நீங்களே ஆடினால் கணக்கப்பிள்ளை வேலைதான் மிஞ்சும். தோற்றாலும் உங்கள் வீரனைக் கொல்லவேண்டாம். கோப்ளின்கள் அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு தங்கள் குகைக்குப் போகட்டும், கதை எப்படியும் அங்கேதானே போகிறது.

புத்தகத்தை வாசித்தால் இரகசியம் தெரிந்துவிடுகிறது. வாசிக்காமல் எப்படி ஆடுவது? (முல்லைத்தீவு)

நுழையும் அறையை மட்டும் வாசியுங்கள், மிச்சத்தைக் கடதாசியால் மூடிவிடுங்கள். அதிலும் முதலில் ஆடுபவருக்கு வாசித்துக் காட்டவென்று கட்டம் போட்ட பகுதி மட்டும். உங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று கொப்பியில் எழுதிய பிறகுதான் கீழே போகவேண்டும்.

ஏற்கெனவே வாசித்துவிட்டீர்களா? சரி, புத்தகம் சொல்வதை ஊர்க்கதையாக எடுங்கள். "ரோட்டில யானை நிக்குது" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார்கள். நாம் போகும்போது அது நிற்கவும் கூடும், குளத்தடிக்குப் போயிருக்கவும் கூடும். ஒவ்வொரு பொறிக்கும், ஒவ்வொரு துரோகிக்கும் மாற்று ஒன்றை எழுதிவைத்து, அந்த இடம் வந்ததும் ஆறு பக்கப் பகடை போடுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் புத்தகப்படி, 5, 6 என்றால் மாற்று.

கதையை நடத்திக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நடத்துபவர் தனியாட்டத்தில் இல்லை. ஆம், இல்லை என்று யார் சொல்வது? (வவுனியா)

பகடைதான். டானா பிஜனின் 'மித்திக்' என்ற விளையாட்டுப் புத்தகம் 2003இலேயே இதற்கு முழு முறை தந்தது. தொடங்குவதற்கு ஓர் ஆறு பக்கப் பகடை போதும், 4, 5, 6 விழுந்தால் ஆம். பதில் உங்களுக்கே தெரிந்ததைக் கேட்காதீர்கள். பிடிக்காத பதில் வந்ததென்று திரும்பக் கேட்பதும் கூடாது; கோயிலில் பூக்கட்டிப் பார்த்தவர் பிடித்த பூ வரும்வரை கட்டிக்கொண்டே இருப்பாரா?

தனியே ஆடுவது ஒரு விளையாட்டா என்று சிநேகிதர் சிரிக்கிறார்கள். (புதுக்குடியிருப்பு)

1976இலேயே 'டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' விளையாட்டுக்கு 'பஃபலோ காசில்' என்று தனியாள் சாகசம் வந்துவிட்டது. சிரிக்கட்டும்.

20 பக்கப் பகடை இங்கே கிடைக்காது. தாயத்துக்குப் போடும் சோகி சரிவருமா? (மாங்குளம்)

ஆம், இல்லை கேட்க வரும். ஆனால் சோகி இரண்டு பக்கமும் சமமாக விழாது. 100 தரம் போட்டு எண்ணிப்பார்த்துவிட்டு நம்புங்கள். 20க்கு, 1 முதல் 20 வரை துண்டு எழுதிச் சிரட்டையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டபிறகுதான் அடுத்தது.